கம்பத்துப் பொருள்களும் அவற்றைப் புழங்கிய கைகளும்

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிற்றூர் அரும்பொருளகம் என்ற தலைப்பில் பேச அழைத்தீர்கள். நாடே நகரமாக இருக்கும் சிங்கப்பூரில் சிற்றூருக்கு எங்கே போவது என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் நினைத்திருக்கலாம். நியாயமான கேள்வி. பெருந்தீவில் இன்று மிஞ்சியிருக்கும் கம்பம், அதாவது சிற்றூர், ஒன்றே ஒன்று. லோரோங் புவாங்கோக்கில் உள்ள அந்தக் கம்பத்தில் இருபத்துச் சொச்சம் வீடுகள் இருக்கின்றன. மற்றக் கம்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் விரைவுச்சாலைகளுக்கும் அடியில் போய்விட்டன. ஆனால் நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணே ஒரு காலத்தில் முழு நாட்டுப்புறம். மாடு மேய்ந்த இடம், செங்கல் சுட்ட இடம், சுண்ணாம்பு வெந்த இடம்.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் இது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் புல் செழிக்கும். மாட்டுக்கு வேறென்ன வேண்டும்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிராங்கூன் சாலையின் இரு பக்கமும் மாட்டு வணிகம் பெருகியது. பட்டி வந்தால் பால் வரும், நெய் வரும், தோலும் இறைச்சியும் வரும், மாட்டுவண்டி வரும், வண்டிக்காரர் வருவார், அவருக்குச் சோறு போடும் கடை வரும். செக்கும் கோதுமை அரவையும் பிரம்பு வேலையும் கூடவே வந்தன. தேக்கா என்று வழங்கும் இந்த வட்டாரத்தில் இன்று நாம் காணும் கடைத்தெருவின் கரு அந்த மாட்டுப் பட்டிதான். பட்டியின் மலாய்ப் பெயரைத் தாங்கிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். இந்த அவையில் உள்ளவர்களில் எத்தனையோ பேர் அங்கே பிறந்திருப்பீர்கள்.

அந்த மாட்டுக் காலத்திலிருந்து நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது? தெருப்பெயர்கள். பெலிலியோஸ் ரோடு என்பது கல்கத்தாவிலிருந்து வந்த பெரிய மாட்டு வணிகரின் பெயர். டெஸ்கர் ரோடு என்பது இறைச்சி வணிகரின் பெயர். முதலாளிகளின் பெயர் தெருவில் நிற்கிறது. மாட்டைக் குளிப்பாட்டியவர், கறந்தவர், விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர், மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுத்தவர், இவர்களில் பலர் நம்மவர்கள். அவர்கள் கையில் இருந்த செம்பும் அளவுக் குவளையும் கழுத்துக்கயிறும் எந்தக் கண்ணாடிப் பேழையிலும் இல்லை. பேழையில் இருந்திருந்தாலும், எந்தக் குவளைக்கு என்ன விலை, கன்று செத்துப்போன மாட்டை எப்படிக் கறந்தார்கள், இந்த ஊர் மழையில் மாட்டுக் குளம்பு அழுகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று அந்தக் குவளை தானே எழுந்து சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான். கம்பத்துப் பொருளைச் சேர்த்துவைப்பது பாதி வேலை. அதைப் புழங்கிய கை சொல்லும் விவரத்தை அந்தக் கை இருக்கும்போதே வாங்கிச் சேர்ப்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதிக்கு நமக்கு அதிக நேரம் இல்லை.

எழுதிவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதே வட்டாரத்தில் அருமையான சான்று ஒன்று உண்டு.

இந்தப் பகுதியை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்ற பெயர் வழங்கியது. சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர்கள் கும்பிட்ட அம்மன் அவள். அருகில் அரசாங்கத்தின் செங்கல் சூளைகளும் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கப்பலேறி வந்த கைதிகள். அவர்கள் சுட்ட செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்களும் அந்தக் கைதிகள்தான். அதன் உட்சுவர்களில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. எப்படிச் செய்தார்கள் தெரியுமா? கிளிஞ்சல் சுண்ணாம்பை மணல் சேர்க்காமல் எடுத்து, அதில் முட்டையின் வெள்ளைக் கருவும் வெல்லமும் சேர்த்துக் களிபோல் இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்தார்கள். பூசிக் காய்ந்தபின் படிகக் கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ பளபளப்பு ஏறும்வரை தேய்த்தார்கள். தேய்க்கும்போது மாக்கல் பொடியைத் தூவிக்கொண்டார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரிந்திருக்கும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? மெக்நேர் என்ற ஆங்கிலேய அதிகாரி, கைதிகளுக்கும் கட்டட வேலைக்கும் பொறுப்பாக இருந்தவர், 1899இல் வெளிவந்த தம் நூலில் எழுதிவைத்தார். அவர் எழுதியதால் முட்டை வெள்ளையும் மட்டைத் தண்ணீரும் 150 ஆண்டுகளுக்குமேல் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்தன. அவருக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். ஆனால் அந்தச் செய்முறையை அவருக்குச் சொன்னவர் யார், அவர் எந்த ஊர், தகப்பனாரிடம் கற்றாரா, கொத்தனாரிடம் கற்றாரா, மட்டை எத்தனை நாள் ஊற வேண்டும், கலவை பதம் வந்துவிட்டது என்று எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் போய்விட்டது. மேற்பார்வை பார்த்தவரின் கண்ணுக்குப் பட்டது மிஞ்சியது. செய்தவரின் கைக்குத் தெரிந்தது மிஞ்சவில்லை.

இப்போது நம்மிடம் இருக்கும் அரும்பொருளகங்களைப் பார்ப்போம். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015 மே 7ஆம் நாள் திறந்தது. வடஇந்தியப் படிக்கிணற்றை நினைவூட்டும் முகப்பு, ஐந்து காட்சிக்கூடங்கள். அங்கே ஒரு செட்டிநாட்டுக் கதவுநிலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது, ஏறக்குறைய 5,000 நுண்ணிய செதுக்கல்கள். அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம், நின்றாலும் பார்த்து முடியாது. தேசியத் தொகுப்பிலிருந்தும் சமூகத்தார் கொடுத்தவற்றிலிருந்தும் அந்த நிலையத்தார் அக்கறையோடு சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். போகாதவர்கள் அவசியம் போங்கள். ஆனால் ஒரு நாட்டின் பெரிய நிலையத்துக்கு ஈராயிரம் ஆண்டுக் கடல் வாணிகம், பல மொழி பேசும் இந்தியர், தலைவர்கள், சங்கங்கள் என்று சொல்ல வேண்டியது மலையளவு இருக்கிறது. அதில் நீ சூன் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளரின் லைன் வீட்டுத் தகரக் குவளைக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? அந்தக் குவளைக்குச் சின்ன இடம் போதும், அதற்கென்றே ஓர் இடமாக அது இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட சின்ன இடம் சிங்கப்பூரிலேயே ஒன்று உண்டு. சாங்கி முனையிலிருந்து படகேறி உபின் தீவுக்குப் போனால், தேசியப் பூங்காக் கழகம் பழுதுபார்த்து வைத்திருக்கும் பழைய சீனக் கம்பத்து வீட்டைக் காணலாம். 363B என்ற எண் கொண்ட வீடு. டெக் செங் என்பவர் குடும்பத்தின் வீடாக இருந்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1970களில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்ததோ அப்படி உள்ளே பொருள்களை அமைத்திருக்கிறார்கள். வீடும் சாமான்களும் சுற்றிலும் உள்ள மரங்களும் ஒன்றுக்கொன்று விளக்கமாக நிற்கின்றன. அந்த வீட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம் என்ற அடக்கம் அதற்கு இருக்கிறது.

கேலாங் சிராயில் முன்பு இருந்த மலாய்க் கிராமம் வேறு வகை. 1980களின் இறுதியில் கம்பத்து வீடுகளின் சாயலில் புதிதாகக் கட்டினார்கள். சுற்றுப்பயணிகளை எதிர்பார்த்துக் கடைகள் வைத்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, 2011இல் மூடினார்கள். அந்த வட்டாரத்து மலாய் மக்கள் பலருக்கே அது தங்கள் இடமாகத் தோன்றவில்லை. வீட்டின் வடிவம் இருந்தது, வீட்டில் வாழ்ந்தவர் இல்லை. நாம் ஏதேனும் செய்யப் புறப்படும்போது இந்த அனுபவத்தை மறக்கக்கூடாது.

உலகத்தில் இந்த எண்ணம் பழையது. சுவீடனில் ஆர்ட்டூர் ஹாஸேலியஸ் என்பவர் நாட்டுப்புற வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அரும்பொருளகத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைகள் பெருகி நாட்டுப்புறம் கரையத் தொடங்கிய காலம் அது. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அந்த வழியில் வந்தது. டெபோரா தியாகராஜன் முன்னின்று செய்தது. செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து வீடு என்று பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். குயவர் சக்கரத்தைச் சுற்றும்போது பிள்ளைகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ஆனால் நமக்கு மிக நெருக்கமான உறவு என்று நான் கருதுவது இலங்கையின் மலையகத்தில் இருக்கிறது. பீகாக் தோட்டத்தில் பழைய லயன் அறைகளையே அரும்பொருளகம் ஆக்கியிருக்கிறார்கள். கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கொடுத்த வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், பத்திரங்கள். அங்கே கட்டடம்தான் முதல் காட்சிப்பொருள். ஒரு முழுக் குடும்பம் எவ்வளவு சிறிய அறைக்குள் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, இழவு கொண்டாடி வாழ்ந்தது என்பதை விளக்கப் பலகை எதுவும் வேண்டாம், உள்ளே போய் நின்றாலே போதும். பெரிய பணம் போட்டுச் செய்ததல்ல. எங்கள் வாழ்க்கையும் வரலாறுதான் என்று அந்த மக்கள் நம்பியதால் நடந்தது. சிங்கப்பூர்த் தமிழர் நாம் அப்படி நம்புகிறோமா? நம் தாத்தா கடைக்காரராகவோ கங்காணியாகவோ கிராணி எனும் எழுத்தராகவோ இருந்தால் படத்தை மாட்டிவைக்கிறோம். ரப்பர்ப் பால் வெட்டியவராகவோ கால்வாய் வெட்டியவராகவோ இருந்தால் பல வீடுகளில் பேச்சை மாற்றிவிடுகிறோம். அரும்பொருளகம் அமையாததற்கு இடப் பற்றாக்குறையைவிட இந்தத் தயக்கம் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பால் வெட்டு என்றேன். அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மலாயாத் தமிழர் வாழ்வையே மாற்றிய ரப்பர் மரம் நம் ஊர் வழியாகத்தான் போனது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று 1888இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் தீபகற்பம் முழுவதும் கித்தாக் காடு, அதாவது ரப்பர்க் காடு. அந்தக் காட்டுக்கு ஆள் தேவைப்பட்டது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் நிறைந்தது. சிங்கப்பூருக்குள்ளேயே செம்பவாங், நீ சூன், மண்டாய்ப் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

பால் வெட்டும் கத்தி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரப்பிடி, நுனியில் ‘வி’ எழுத்தைப்போல் மடங்கிய சிறிய அலகு. அதைப் பார்த்து ஒன்றும் விளங்காது. தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் பேசவில்லை, எழுந்து நின்றார். இடது தோளுக்கு நேரே கையை உயர்த்தி, வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்வாக இழுத்துக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் வைத்தார். மணிக்கட்டு அசையவே இல்லை, உடம்பு முழுவதும் நகர்ந்தது. “மணிக்கட்ட ஆட்டுனா மரத்துக்குக் காயம் பட்டுரும் தம்பி” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் முழு அறிவியலும் அடங்கியிருக்கிறது. பால் ஓடும் நாளங்கள் பட்டைக்குள் நேர்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் அதிக நாளங்கள் திறக்கும். பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குமேல் சீவக்கூடாது. உள்ளே மரம் வளரும் மெல்லிய படலத்தில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிப் பின்னாளில் வெட்டுக்கு உதவாது. சீவிய பட்டை திரும்ப வளர ஏழெட்டு ஆண்டு ஆகும்.

விடியுமுன் போனது எதற்கு? மரத்துக்குள் நீர் அழுத்தம் அப்போதுதான் மிகுந்திருக்கும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே இருட்டில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, தலையில் விளக்கு, கையில் கத்தி. வெட்டி முடித்துத் திரும்பி வந்து, பால் வடிந்த கிண்ணங்களை மங்கு மங்காக வாளியில் ஊற்றவேண்டும். பள்ளிக்கூடம் போகாத நாளில் பிள்ளைகள் மங்கு துடைத்தார்கள். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துத் தனியாகச் சேர்த்தார்கள். அதற்குத் தனி விலை. மழை பிடித்துக்கொண்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் பல இடங்களில் கூலியும் இல்லை. ஆகவே மழைச் சத்தத்துக்கு அந்த வீடுகளில் வேறு பொருள் இருந்தது. கத்தியைப் பேழையில் வைத்து, ‘ரப்பர் வெட்டும் கத்தி, இரும்பு, மரம், 20ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு எழுதினால் இதில் எது வரும்?

தோட்டம் போயிற்று, கம்பம் போயிற்று. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அத்தாப்பு ஓலைக் கூரைகளுக்கு இடையில் தீ எப்படி ஓடும் என்று நாடே கண்டது. குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் கழிவறையும் உள்ள வீடு கிடைத்ததை நம் பெற்றோர் வரம் என்றே எண்ணினார்கள். அவர்கள் எண்ணியது சரி. கம்பத்து நினைவில் உருகுகிறவர்கள் மழைக்காலத்து வெள்ளத்தையும் எலியையும் வாளிக் கழிவறையையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அரும்பொருளகத்திலும் அவை இடம்பெற வேண்டும். ஆனால் வீடு மாறும்போது அம்மி மாடிக்கு ஏறவில்லை. உரல் ஏறவில்லை. ஆட்டுக்கல் ஏறியிருந்தாலும் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் என்று மூலைக்குப் போய், பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய், கடைசியில் வீட்டைப் புதுப்பிக்கும்போது குப்பைக்குப் போனது.

மாடி ஏறாதவற்றைக் காத்துவந்தவை கோயில்கள். அலெக்சாண்ட்ரா செங்கல் ஆலைத் தொழிலாளர் வணங்கிய ருத்ர காளியம்மன் இன்று டிப்போ ரோட்டில் இருக்கிறாள், 1983 முதல். செம்பவாங் கடற்படைத் தளப் பக்கத்தில் மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடு இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயமாக நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று அந்தப் பழைய கம்பத்துக்காரர்கள் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். காவடி பார்க்கப் போகும்போது அன்னதான வரிசையில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். “நீங்க எந்த லைனு? கிராணி வீட்டுப் பக்கமா?” என்ற பேச்சு நடக்கும். இடிந்துபோன ஊரின் வரைபடம் அந்த வரிசையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கேள்வியே புரியாது.

பொங்கலுக்கு இந்தத் தெருவுக்கு மாடு வருகிறதே, அதைப் பற்றியும் ஒரு சொல். லிட்டில் இந்தியா வர்த்தகர்களின் சங்கத்தார் லிம் சூ காங் பண்ணையிலிருந்து பசுக்களையும் ஆடுகளையும் கொண்டுவந்து கட்டுகிறார்கள். பாலர்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். அதைக் காட்சிக் கேளிக்கை என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்டின் மூச்சுச் சூட்டை உள்ளங்கையில் உணர்ந்த பிள்ளைக்கு நாளை பால் செம்பைக் காட்டினால் புரியும். ஆனால் அந்த மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இந்த ஊரில் மாடு வளர்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்திருக்கலாமே என்று ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஓர் அறை. கோயில் மண்டபத்தின் பின்பக்கமோ சமூக மன்றத்தில் ஒரு மூலையோ போதும். தாமான் ஜூரோங்கில் 2013இல் வட்டார மக்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் திறந்த முன்னுதாரணம் இந்த நாட்டில் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிந்துவருகிறது, தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அதில் உண்டு. அவற்றில் பலவற்றை இணையத்தில் இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம். புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு பொருளை ஏற்கும்போதே, கொடுப்பவரையோ அதைப் புழங்கியவரையோ உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். யார் புழங்கினார், எந்தக் கம்பத்தில், காலையில் எடுத்தால் எப்போது கீழே வைப்பார், தேய்ந்தால் யார் தீட்டிக் கொடுத்தார், என்ன விலைக்கு வாங்கினார், யாரிடம் கடன் சொன்னார் என்று கேட்டுப் பதிய வேண்டும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். மங்கு என்றால் மங்கு, சாலையைச் சடக்கு என்றால் சடக்கு. செந்தமிழில் திருத்தி எழுதினால் அந்த ஆள் சீட்டிலிருந்து இறங்கிப் போய்விடுவார்.

தோட்டத்தில் வேலை செய்து நினைவோடு இருப்பவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். கஃப் ரோட்டு மாவு மில்லுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்து டின்னில் எடுத்துப் போய் வரிசையில் நின்ற தாய்மார்கள் எழுபதுகளில் இருக்கிறார்கள். எத்தனை மிளகாய்க்கு எவ்வளவு மல்லி, கறிவேப்பிலையை ஈரம் போக எப்படி உலர்த்த வேண்டும், முந்தியவர் மஞ்சள் அரைத்திருந்தால் மில்லில் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஏற்பாட்டாளர்கள் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அங்கே எழுதிக் கொடுங்கள். பொருளை இப்போதே தர வேண்டியதில்லை, படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒன்றே ஒன்று சொல்லிவைக்கிறேன். கொண்டுவருமுன் தேய்த்துத் துலக்கிவிடாதீர்கள். கத்திப் பிடியில் காய்ந்த பால் கறையும், அம்மியின் குழியில் படிந்த மஞ்சளும், அரிவாள்மனைப் பலகையில் உட்கார்ந்து தேய்ந்த பள்ளமும் அப்படியே இருக்கட்டும். பேச வரும் பெரியவரோடு பேரனோ பேத்தியோ ஒருவர் கூட வரட்டும், அவர் சொல்லுவதைப் பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். உரலும் ஆட்டுக்கல்லும் வைத்திருப்பவர்கள் புளோக் எண்ணையும் மாடியையும் தவறாமல் குறித்துக் கொடுங்கள். தூக்கிவர இளைஞர்கள் நான்கைந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.